சிவப்பு லைட்டும் பொறுமக்காவும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மேடையேறிப் பாடியவர்களுக்குச் சொந்தமாக ஒரு முகம் இருந்தது என்பதற்கு இன்றைக்கு ஏதாவது ஆதாரம் மிஞ்சியிருந்தால், அது ஒரே ஒரு மனுஷன் போட்ட பிச்சை. மற்ற போட்டோக்காரர்கள் எடுத்ததை மட்டும் நம்பினால், 2008-க்கும் 2013-க்கும் நடுவில் எங்கள் ஜில்லாவில் பாடினவர்கள் பாதிப் பேர் தக்காளி, மீதிப் பேர் சுண்ணாம்பு அடித்த சுவர்.

அந்த மனுஷனுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. "படம் ஆச்சா?" என்று எவர் கேட்டாலும் "பொறு மக்கா" என்பார். கேட்டது எட்டாம் வகுப்புப் பையனாக இருந்தாலும் ரிட்டயர்டு தாசில்தாராக இருந்தாலும் அதே பதில்தான். அதனால் அவர் பேரே பொறுமக்கா ஆகிவிட்டது. அவர் எடுத்த ஒரு கல்யாணத்தின் ஆல்பம், பிறந்த பிள்ளைக்கு மொட்டை போடுகிற அன்றைக்குத்தான் கைக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்குப் போனார்கள். "அவசரப்பட்டிருந்தா இந்தச் சேலைக்க கலர் கெடச்சிருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். சேலை அதற்குள் கிழிந்து பாத்திரக்காரனுக்குப் போயிருந்தது.

தக்கலையிலிருந்து இரணியல் போகிற ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் அவருடைய ஸ்டுடியோ. கீழே அடுப்பின் சூடு மேலே ஏறும். மேலே அவருடைய கம்ப்யூட்டரின் சூடு அங்கேயே நிற்கும். உள்ளே போனால் நாமும் பப்ஸ் மாதிரி உப்பி வெளியே வருவோம். அவர் மட்டும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

நான் அப்போது ஒரு இன்னிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா, கூப்பிட்டால் கல்யாண வீடு. குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிப்பார். அவரை மாஸ்டர் என்போம். எங்கள் மேடைக்கு லைட் போட்டவர் ஒருவர் உண்டு. அவருக்குச் சிவப்பு என்றால் உயிர். சோகப் பாட்டுக்குச் சிவப்பு. காதல் பாட்டுக்குச் சிவப்பு. சாமி பாட்டுக்கும் சிவப்பு. தகர டப்பாவுக்குள் குண்டு பல்பு, முன்னால் சிவப்புக் கண்ணாடிக் காகிதம். பத்துப் பன்னிரண்டு டப்பாக்களைக் கம்பியில் கட்டி எங்கள் தலைக்கு நேரே திருப்பி வைத்துவிட்டு, போய் டீ குடிப்பார். நாங்கள் அதற்குக் கீழே நின்று வெந்துகொண்டே பாடுவோம்.

இந்தச் சிவப்பில் படம் எடுத்தால் முகம் வராது. கண், மூக்கு, வாய் எல்லாம் கரைந்து ஒரே சிவப்புக் கூழாகிவிடும். அதற்குப் பயந்து மற்ற போட்டோக்காரர்கள் ஃபிளாஷ் அடிப்பார்கள். ஃபிளாஷ் அடித்தால் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். பொறுமக்கா ஃபிளாஷைத் தொடமாட்டார். "மூஞ்சியில சுண்ணாம்பு எறியதுக்கு எதுக்கு கேமரா? சட்டி போருமே" என்பார்.

அவருடைய வழி வேறு. வேண்டுமென்றே இருட்டாக எடுப்பார். எடுத்து முடித்ததும் விழாக் கமிட்டிக்காரர்கள் கேமராவின் முதுகை எட்டிப் பார்ப்பார்கள். அதில் கரிக்கட்டைதான் தெரியும்.

"என்ன ஓய், ஒரே இருட்டா கெடக்கு? படம் விழுந்துதா இல்லியா?"

"விழுந்திருக்கு மக்கா. உள்ள கெடக்கு. பொறு."

"கெணத்துல விழுந்த மாதிரியில்லா சொல்லுகீரு!"

உண்மையில் அது கிணற்று வேலைதான். ரா என்று ஒரு வகை பைலில் எடுப்பார். அப்படியென்றால் என்ன என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏட்டி, நீ மீன் வாங்குவியா?"

"வாங்குவேன்."

"பச்ச மீன் வாங்குனா கொழம்பு வைக்கலாம், பொரிக்கலாம், அவிக்கலாம். நம்ம இஷ்டம். மத்தவனுக்க கேமரா உள்ளயே பொரிச்சுத் தந்துரும். உப்பு கூடிப்போச்சுன்னா தின்னுட்டு கெடக்க வேண்டியதுதான். நான் பச்சையா கொண்டாறேன். வீட்டுல வச்சு நிதானமா சமைக்கேன். கேட்டியா?"

கேட்டேன். இந்த மனுஷன் ஆயுசில் ஒரு மீனைக் கழுவினதில்லை என்பதும், மூன்று வேளையும் கீழே இருந்து பப்ஸ் வாங்கித் தின்கிறவர் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கவில்லை. சிவப்பு லைட்டில் கேமரா சிவப்பை வாய்நிறைய அடைத்துக்கொள்ளும். அதற்கு அடியில், கேமரா தனியாகப் பிடித்து வைக்கிற பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சமே கொஞ்சம் முகம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி எடுக்கிறதுதான் அவர் வேலை. சுரண்டும்போது திரையோடு பேசுவார். "வா மக்கா, வா. ஒண்ணும் செய்யமாட்டேன். வெளிய வா" என்பார். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்த பூனைக்குட்டியைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் குனிந்தே பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு வினை உண்டு. பாடுகிறவர் முகத்தை இருட்டிலிருந்து மேலே கொண்டுவந்தால், பின்னால் இருட்டில் நின்ற சங்கதியும் சேர்ந்து மேலே வரும். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர்க் கொடை. விழாக் கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடித்து, குடித்துவிட்டு எவனாவது விழாப் பந்தலுக்குள் வந்தால் காலை ஒடிப்பேன் என்று அரைமணி நேரம் முழங்கினார். பிறகு நாங்கள் பாடினோம். பொறுமக்கா எடுத்தார். மாதங்கள் கழித்து ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு போய்த் தலைவர் கையிலேயே கொடுத்தார். படத்தில் முன்னால் பாடகர். பின்னால் டிரம்ஸுக்கு மறைவில், எதையும் மறைக்காத தெளிவோடு, தலைவர். கையில் குவார்ட்டர். அண்ணாந்த வாய்.

சுற்றி நின்ற சனம் சிரிக்கிறது. தலைவர் முகம் செத்துப்போகிறது. பொறுமக்காவுக்கோ ஒன்றும் புரியவில்லை. "பாத்தியளா, நெழலுல எவ்வளவு டீட்டெயில்! பாட்டிலுக்க லேபிள்கூட வாசிக்கலாம்!" என்று விரலை வேறு வைத்துக் காட்டினார். அவர் கண்ணுக்கு இருட்டும் வெளிச்சமும்தான் தெரியும். நடுவில் நிற்கிற ஆள் தெரியாது. அந்த ஊரில் அதோடு அவருக்கு வேலை போயிற்று. "அவியளுக்குப் படம் பாக்கத் தெரியல்ல" என்று வருத்தப்பட்டார்.

லைட்டுக்காரரோடு அவருக்கு இருந்தது வெறும் பகை இல்லை. அது யுத்தம். ஒரு திருவிழாவில் நான் பாடிக்கொண்டிருக்கும்போதே பொறுமக்கா கம்பியில் ஏறி, தன் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்துச் சிவப்பு விளக்கின் மேல் போர்த்திவிட்டார். முகத்தில் கொஞ்சம் சிவப்பு குறையட்டும் என்று. இரண்டாவது சரணத்தில் துவர்த்து புகைய ஆரம்பித்தது. பாட்டுக்குப் பொருத்தமாகப் புகை விடுகிறோம் என்று நினைத்துச் சனம் விசிலடித்தது. மூன்றாவது சரணத்தில் துவர்த்து எரிந்து டிரம்ஸ்காரன் மடியில் விழுந்தது. அதற்கும் விசிலடித்தார்கள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இப்படியாகப் போய்க்கொண்டிருந்தபோது வளைகுடாவில் இருந்து ஒரு தமிழ்ச் சங்கம் எங்கள் குழுவைக் கூப்பிட்டது. மாஸ்டர் வந்து சொன்னார்.

"பெண் பாடகி ஒருத்திக்குத்தான் டிக்கெட்டு. ரெண்டு பேருக்க பாட்டும் அனுப்பியாச்சு. மேடையில பாடுத படம் கேக்காவ. அதப் பாத்துட்டுத்தான் முடிவு செய்வாவளாம்."

எங்கள் குழுவில் பெண் குரல் இரண்டு. ஒன்று நான். இன்னொருத்தி என்னைவிடப் பத்து வயது சின்னவள், நல்ல வெளுப்பு. சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் சுருதியைப் படம் எடுக்க முடியாதே. நான் கருப்பு. கருப்பிலும் பல விதம் உண்டு. என்னுடையது நனைந்த கருப்பட்டி நிறம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கேட்கிறவர்கள்தான் வெட்கப்படுகிறார்கள்.

எனக்கு அந்தப் பயணம் வேண்டும். விமானம் ஏறுகிற ஆசை இல்லை. எங்கள் ஊர் மேடைகளில் எதிரே இருப்பவன் பாட்டைக் கேட்க வந்தவன் என்று அர்த்தமில்லை. பஜ்ஜி தின்ன வந்தவன், வளையல் வாங்க வந்தவள், பழைய கடன்காரனைத் தேடி வந்தவன், எல்லாரும் நடந்துகொண்டே இருப்பார்கள். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து பாட்டை மட்டும் கேட்கிற சனம் இருக்கும் என்றார்கள். எனக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை விட்டால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள். பெண் பாடகிக்குக் குரல் போவதற்கு முன்னாலேயே வயசு போய்விடும், அது இந்தத் தொழிலின் கேவலமான சட்டம்.

என்னிடம் இருந்த மேடைப் படங்கள் எல்லாம் ஃபிளாஷ் படங்கள். ஒன்றில் பேய். இன்னொன்றில் வாய் மட்டும்தான் இருந்தது, பல் டாக்டரிடம் காட்ட எடுத்தது போல. பொறுமக்காவிடம் போனேன்.

"அண்ணே, கடைசியா பாடுன திருவிழாவுல என்னைய எடுத்தியளா?"

"எடுத்தேன்."

"எனக்கு ஒண்ணு உடனே வேணும்."

"பொறு மக்கா."

"பொறுக்க முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் அங்க கூட்டம் கூடி முடிவு செய்யாவ. அதுக்கு முன்ன போகணும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு ஆல்பத்துக்கு ஒரு வருஷம் எடுக்கிற மனுஷனிடம் ஒரு வாரம் என்று சொல்கிறேன். அறுவை சிகிச்சையைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் செய்யச் சொன்னது போல முகம் மாறியது. ஆனாலும் பைலைத் திறந்தார். முதலில் கருப்பு. வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினார், சிவப்பு. அந்தச் சிவப்புக்குள் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "வா மக்கா, வா" என்று தொடங்கினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். படம் திரையில் நின்றது.

பல்லவி தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்போம் இல்லையா, அந்த இடத்தில் எடுத்திருந்தார். வாய் திறக்கவில்லை. கழுத்து நரம்பு லேசாகப் புடைத்திருக்கிறது. மைக்கைப் பிடித்த விரலில் நகம்கூடத் தெரிகிறது. சேலை மாம்பழ நிறம். நான் அன்றைக்கு மாம்பழ நிறத்தில்தான் உடுத்தியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. முகம் என் முகம், என் நிறம், ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "கொள்ளாம். நல்லா வந்திருக்கு. இனி கொஞ்சம் வெளுத்துத் தாரும்."

"எதுக்கு?"

"எதுக்கா? வெளிநாட்டுக்குப் போற படம்லா ஓய்!"

"அங்க வெயிலுல நிக்குத நம்ம ஆளுவ எல்லாம் வெளுத்தா இருக்கானுவ?"

நான் குறுக்கே விழுந்தேன். "அண்ணே, இந்த ஒரு தடவ செய்யுங்க. மத்தவளுக்க படம் பாலுல முக்கி எடுத்த மாதிரி இருக்கு. அதுக்குப் பக்கத்துல என்னைய வச்சா எவன் எடுப்பான்?"

அவர் நாற்காலியைத் திருப்பினார். "பிள்ளே, இதுக்குள்ள கெடந்ததை எல்லாம் நான் எடுத்தாச்சு. நீ கேக்குத வெளுப்பு இதுல இல்ல. இல்லாதத நான் எங்கேருந்து எடுக்க?"

"எல்லா ஸ்டுடியோவுலயும் செய்யாவளே!"

"அப்ப எல்லா ஸ்டுடியோவுக்கும் போ."

"உங்க வீம்புக்கு எனக்க பிழைப்பா கெடச்சுது?"

"பொறு மக்கா."

அந்த நிமிஷம் மௌஸ் அவர் கையில் இல்லாமல் என் கையில் இருந்திருந்தால் அது அவர் மண்டையில் இருந்திருக்கும். அவர் என் கோபத்தைக் கவனித்ததாகவே தெரியவில்லை. திரையை நெருங்கிக் கண்ணைச் சுருக்கினார். "கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கு பாத்தியா? இது நெசமா இருந்த வெளிச்சம். இத மேல கொண்டாறேன்" என்றார். கொண்டுவந்தார். சேமித்தார். பைலை அனுப்புகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற வேலை மட்டும் பாக்கி.

கரண்ட் போய்விட்டது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்ப் பாருங்கள். கண்ணுக்கு எட்டின வரைக்கும் கரண்ட் உண்டாக்குகிற காற்றாடி. ராப்பகலாகச் சுற்றுகிறது. அத்தனையையும் காட்டிவிட்டு எங்களுக்குக் காலையில் மூன்று மணிக்கூர், மத்தியானம் மூன்று மணிக்கூர் கரண்ட் கட். சுற்றுகிறது எங்கள் ஊரில், எரிகிறது எந்த மகராசன் வீட்டிலோ. பொறுமக்காவின் யு.பி.எஸ். கிடந்து கத்தியது. அதன் பாட்டரி செத்து எவ்வளவோ காலம். கத்த மட்டும் தெரியும். திரை அணைந்தது.

"இன்னைக்கு மெயின்டனன்ஸ் கட்டு, சாயங்காலம் வரைக்கும் வராது" என்றார் மாஸ்டர். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "லைட்டுக்காரன் கிட்ட ஜெனரேட்டர் இருக்கு."

பொறுமக்கா ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கெஞ்ச எனக்கு வராது. கடைசியில் அவராகக் குனிந்து வயர்களைப் பிடுங்கத் தொடங்கினார்.

ஆட்டோவில் அவர் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார், பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவது போல. மானிட்டர் என் மடியில். டிரைவர் கேட்டான்: "என்ன அண்ணே, கடையக் காலி செய்யிறியளா?"

லைட்டுக்காரர் தன் குடோனில் சிவப்புக் காகிதத்தை வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தினார்.

"என்னவே, கேமராக்காரரு இந்தப் பக்கம்? துவர்த்து தேடி வந்தீரா?"

பொறுமக்கா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். நான் சொன்னேன்: "அண்ணாச்சி, ஒரு அரை மணிக்கூர் ஜெனரேட்டர் போடணும்."

"எதுக்கு?"

"உங்க லைட்டுல கெட்டுப்போன படத்த நேராக்க."

மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

"எனக்க லைட்டுல கெட்டதா? எங்க, காட்டு பாப்போம்!" என்று அந்த ஆத்திரத்திலேயே கயிற்றை இழுத்து ஜெனரேட்டரைக் கிளப்பினார்.

சுருட்டிய வயர்களுக்கு நடுவில் ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் கம்ப்யூட்டரை வைத்தோம். முதலில் பழைய படம் வந்தது. ஒரே சிவப்பு. "இதுக்கு என்ன குறை? என்னா கெத்தா இருக்கு!" என்றார் லைட்டுக்காரர். பொறுமக்கா ஒரு பொத்தானைத் தட்டினார். புதுப் படம் வந்தது.

லைட்டுக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பக்கத்தில் வந்தார். ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கத்தினார். "இது நம்ம மேடையா?"

"ஆமா."

"அன்னைக்குள்ளதா?"

"ஆமா அண்ணாச்சி."

திரையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா பிள்ளே, எனக்க லைட்டுக்க பவரு! நகம்வரை தெரியுது!"

பொறுமக்காவின் வாய் திறந்தது. நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன். வாய் மூடியது. "இத பெருசா ஒண்ணு போட்டுத் தாரும். குடோன் வாசல்ல மாட்டணும்" என்றார் லைட்டுக்காரர். வாய் மறுபடி திறந்தது. மறுபடி மிதித்தேன். மாஸ்டரின் டேட்டா கார்டைச் சொருகிப் படம் போய்ச் சேருகிற வரைக்கும் அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் மட்டும் சிவந்துகொண்டே போனது. அந்தச் சிவப்பை எடுக்க எந்த பைலாலும் முடியாது.

சங்கத்துச் செயலாளர் மறுநாள் மாஸ்டருக்குப் போன் செய்தார். "மத்த படம் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கு சார். இந்தப் படத்துல உள்ள அம்மா இப்பம் வாயத் திறந்து பாடிருவாங்களோன்னு இருக்கு. அவங்களையே கூட்டிட்டு வாங்க." நான் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய்க் கொஞ்சநேரம் தனியாக நின்றேன்.

அங்கே விமான நிலையத்தில் எங்களை அழைத்துப்போக ஒரு பையன் நின்றான். கையில் எங்கள் எல்லாருடைய படமும் அச்செடுத்த தாள். கூட்டத்தில் நேரே என்னிடம் வந்து "வாங்கக்கா" என்றான். மாஸ்டர், தன் படத்தை நாகர்கோவிலில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் கொடுத்து நன்றாக வெளுத்து, தலைக்கு மையும் ஏற்றி அனுப்பியிருந்தார். பையன் அவரை இரண்டு தடவை தாண்டிப் போனான்.

"தம்பி, நான்தான் மாஸ்டர்."

பையன் தாளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "இல்ல சார், அவர் வரட்டும். வெயிட் பண்ணுவோம்" என்றான். பாஸ்போர்ட்டைக் காட்டினபிறகுதான் பெட்டியைத் தூக்கினான்.

நாற்காலியில் சனம் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. பாடினேன். அதைப்பற்றி எழுதினால் எனக்கு அழுகை வரும், வேண்டாம்.

ஊர் திரும்பி, பேரீச்சம்பழப் பொதியோடு பேக்கரி மாடி ஏறினேன். பொறுமக்கா திரைக்கு முன்னால் அதே இடத்தில் இருந்தார். பாட்டு எப்படி, சனம் எப்படி, ஒன்றும் கேட்கவில்லை.

"அங்க மேடையில லைட்டு எப்படி இருந்துச்சு?" என்றார்.

அங்கே லைட் பகல் மாதிரி இருந்தது. வெள்ளை வெளேர் என்று, முகத்தில் ஒரு நிழல் விழாமல். பிள்ளைகள் செல்போனில் எடுத்த படம்கூட அப்படியே அச்சுக்குப் போகும். நான் எவர் மனசு நோகும் என்று பார்த்துப் பேசுகிறவள் இல்லை. நான் எழுதுகிற இந்தப் பத்திரிகைப் பக்கத்துக்கு வாராவாரம் வருகிற வசைக் கடிதங்களே சாட்சி. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு என் நாக்கு திரும்பிவிட்டது.

"நாசம் அண்ணே. ஒரே சிவப்பு. ஒருத்தர் முகமும் தெரியல்ல. எடுத்த படம் எல்லாம் பாழு."

"ஐயோ!" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "நான் வந்திருக்கணும் மக்கா."

"ஆமாண்ணே, நீங்க வந்திருக்கணும்" என்றேன். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் பொய். இது மட்டும் இல்லை.